வாசகர் கேள்வி – பதில்: உச்சி வெயிலும் கடலின் கண்ணுக்குத் தெரியாத பயிரும்

சித்திரை வெயில் ஏறியதும் கடலையும் வெயிலையும் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். பாடநூலில் ‘கழியூதா’ என்றிருப்பதும் பத்திரிகைகளில் ‘புற ஊதா’ என்று வருவதும் ஒன்றே. இந்தப் பக்கத்தில் ‘புறவூதா’ என்றே எழுதுகிறோம்.

கேள்வி: ஒளித்தொகுப்புக்கு ஒளி வேண்டும் என்று படிக்கிறோம். அதே வெயில் தாவரப் பிளாந்தனின் (கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரக் கலங்களின்) ஒளித்தொகுப்பைக் கெடுக்கிறது என்றும் வாசித்தேன். இரண்டும் எப்படிச் சரியாகும்? தோல் இல்லாத கலம் அந்த வெயிலை எப்படித் தாங்கும்?
– உயர்தர உயிரியல் மாணவி, உப்புவெளி

வெயிலை ஒரே பொருளாக எண்ணுவதால் வரும் குழப்பம் இது. அலைநீளம் 400 முதல் 700 நானோமீற்றர் வரையான கட்புல ஒளிதான் ஒளித்தொகுப்பின் சாப்பாடு. அதற்குக் கீழே 315 வரை உள்ளது புறவூதா-ஏ, 315 முதல் 280 வரை உள்ளது புறவூதா-பி. 280க்கும் கீழான புறவூதா-சி வளிமண்டலத்திலேயே முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும், கடலைத் தொடாது. தெளிந்த வானத்து நடுப்பகலில் ஒரு சதுர மீற்றரில் விழும் ஏறத்தாழ 1000 வாற்றில் புறவூதா-ஏ 60 வாற் அளவு, புறவூதா-பி 2 அல்லது 3 வாற்தான். ஆனால் அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு ஒளித்துணிக்கையும் சுமந்துவரும் சக்தி கூடும். 300 நானோமீற்றரில் ஒரு வாற் செய்கிற சேதத்தை 380இல் ஒரு வாற் செய்யாது. பி-க்குக் கூர்மை கூட, ஏ-க்கு அளவு கூட. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், மேல்நீரில் ஒளித்தொகுப்பு குறைவதில் ஏ-யின் பங்கு பல அளவீடுகளில் பாதிக்கு மேல் வருகிறது. புறவூதா-பி ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கட்டுரைகளை இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அடி விழும் இடம் முதலில் ‘ஒளித்தொகுதி இரண்டு’ எனப்படும் புரத அமைப்பு. அங்கே நான்கு மங்கனீசு அணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருந்து நீரைப் பிரித்து ஒட்சிசனை விடுகிறது. புறவூதாவை உறிஞ்சி அந்தக் கொத்து குலையும். அதைத் தாங்கி நிற்கும் டி-1 என்ற புரதம் பழுதாகும். பழுதான டி-1ஐக் கழற்றிப் புதியதைச் செய்து மாட்டுவது கலம் சும்மா இருக்கும்போதுகூடச் செய்கிற அன்றாட வேலை. வெயில் ஏற ஏற அந்த வேலை கூடுகிறது, அவ்வளவே. ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பதுபோல: இறைக்கிற வேகம் ஊறுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கும்வரை வள்ளம் மிதக்கும். ஈடுகொடுக்க முடியாமல் போகும் நேரத்தைத்தான் நாம் ‘ஒளித்தொகுப்பு தடைப்பட்டது’ என்று அளக்கிறோம்.

இரண்டாவது இடம் டீ.என்.ஏ. புறவூதா-பி பட்டதும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தைமின்கள் ஒட்டிக்கொள்ளும். அந்த முடிச்சு இருக்கும் இடத்தில் மரபுச் செய்தியை வாசிக்க முடியாது, ஆகவே புதுப் புரதமும் செய்ய முடியாது. வேடிக்கை என்னவென்றால், இந்த முடிச்சை அவிழ்க்கும் ‘போட்டோலையேஸ்’ என்ற நொதியத்துக்கு வேலைசெய்ய நீல ஒளியும் புறவூதா-ஏயும் வேண்டும். கெடுப்பதும் வெயில், திருத்துவதும் வெயில். காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியமும் பாதிக்கப்படும். அதன் விளைவு சற்றுப் பிந்தித் தெரியும்.

தோல் இல்லாத கலம் என்று எழுதியிருந்தீர்கள். சிலவற்றுக்கு ஒரு வகைக் குடை இருக்கிறது. மைக்கோஸ்போரின் வகை அமினோவமிலங்கள் 310 முதல் 360 நானோமீற்றர் வரையான கதிரை உறிஞ்சி வெப்பமாக்கி விட்டுவிடும். ஆனால் குடை பிடிக்க உடம்பும் வேண்டும். 20, 50 மைக்ரோமீற்றர் தயற்றத்துக்குள் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) கதிர் போகும் தூரம் அதிகம், ஆகவே இந்தக் குடைச் சாயத்தால் பயன் உண்டு. 0.6 மைக்ரோமீற்றரே உள்ள புரோக்குளோரோகொக்கசு என்ற ஒளித்தொகுக்கும் பற்றீரியாவுக்குள் எவ்வளவு சாயத்தைத் திணித்தாலும் கதிர் மறுபக்கத்தால் வந்துவிடும். 1988இல்தான் விபரிக்கப்பட்ட இந்தச் சிறிசு, வெப்பக் கடல்களின் மேல்நீரில் மிக அதிக எண்ணிக்கையில் இருப்பது. உலகின் மொத்த ஒளித்தொகுப்பில் ஏறக்குறையப் பாதி கடலில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு இப்படிக் குடை இல்லாதவர்களின் உழைப்பு.

கேள்வி: சித்திரை, வைகாசியில கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். மத்தியானம் மேல்தண்ணியில மீன் ஒன்றும் தெரியாது. இந்தப் புறவூதாதான் காரணம் என்று பொடியன்கள் சொல்கிறார்கள். உண்மையா ஐயா? அது எவ்வளவு ஆழம் போகும்? கொட்டியாரக் குடாவும் நிலாவெளிப் பக்கமும் ஒன்றா?
– கடற்றொழிலாளர், கிண்ணியா

மீன் விடயத்தில் பொடியன்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். மத்தியானம் மீன் இறங்குவதற்கு வெளிச்சம், மேல்நீரின் சூடு, அவை தின்னும் விலங்குப் பிளாந்தன் பகலில் ஆழத்துக்குப் போய் இரவில் மேலே வருவது என்று பல காரணங்கள் உண்டு. புறவூதாவை உணர்ந்து இறங்கும் சிறு ஓட்டுடலிகள் இருப்பது உண்மைதான். ஆனாலும் வலை வெறுமையாக வந்ததற்கு அதன்மேல் பழிபோட முடியாது. வெளிக்கடலில் பச்சையம் அதிகமாக உள்ள படை பல பத்து மீற்றர் ஆழத்தில் கிடப்பதற்கும் முதற்காரணம் உரச்சத்து அங்கே கிடைப்பதுதான்.

ஆழம் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. இதற்கு ஒரே இலக்கம் கிடையாது, தண்ணீரின் நிறமே விடை சொல்லும். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழும்போது இலை, சருகு, வயல் மண் எல்லாம் ஊறிய தேயிலைச் சாயம் போன்ற கரைசலையும் கொண்டுவருகிறது. அந்தக் கரைந்த சாயம் கட்புல ஒளியைக் கொஞ்சம்தான் தடுக்கும், புறவூதாவைப் பலமாகத் தடுக்கும். அலைநீளம் குறையக் குறையத் தடை செங்குத்தாக ஏறும். சேறும் மண்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். மாரி வெள்ளம் இறங்கும் கார்த்திகை, மார்கழியில் குடாவின் ஆற்றுமுகப் பக்கத்தில் புறவூதா-பி ஒரு மீற்றர், இரண்டு மீற்றருக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். நிலாவெளிக்கு வெளியே, ஆற்றுநீர் சேராத நீலத் தண்ணீரில் கதை வேறு. உலகின் மிகத் தெளிந்த கடல்நீரில் புறவூதா-பியின் பத்திலொரு பங்கு 20 மீற்றர் அளவுக்கும் இறங்கும், புறவூதா-ஏ அதைவிட வெகு ஆழம் போகும். சிவப்பு ஒளி பத்து மீற்றருக்குள் பெரும்பாலும் அணைந்துவிடும் அந்தத் தண்ணீரில் புறவூதா-ஏ அதையும் தாண்டிப் போகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

கணக்குப் பார்க்க விரும்புவோருக்கு: ஒரு அலைநீளத்தின் ஒளி நலிவுக் குணகம் (ஆழம் கூடக்கூட ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் காட்டும் எண்) தெரிந்தால், மேல்மட்டத்து அளவில் 10 சதவீதம் மிஞ்சும் ஆழம் = 2.3 ÷ குணகம். 1 சதவீதம் மிஞ்சும் ஆழம் = 4.6 ÷ குணகம். குணகம் மீற்றருக்கு 2 என்றால் 10 சதவீத ஆழம் 1.15 மீற்றர். 0.15 என்றால் 15 மீற்றருக்கும் சற்றுக் கூட. வெள்ளைச் செக்கித் தட்டைக் கயிற்றில் இறக்கி மறையும் ஆழத்தைப் பார்ப்பது கட்புல ஒளிக்குச் சரி. கடலுக்கு 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முழு வெள்ளைத் தட்டு வேண்டும், கறுப்பு வெள்ளைக் கால்வட்டத் தட்டு குளத்துக்கு. ஆனால் செக்கி ஆழத்தை வைத்துப் புறவூதா ஆழத்தை ஊகிக்காதீர்கள். ஒரே செக்கி ஆழம் காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்று சேற்றால் மங்கியதாகவும் மற்றது சாயத்தால் மங்கியதாகவும் இருக்கலாம். புறவூதா இரண்டிலும் ஒரே ஆழம் போகாது.

நீங்கள் எழுதிய ‘கண்ணாடி மாதிரி’ என்ற சொல்லில் உண்மையான விடயம் இருக்கிறது. காற்று நின்ற நாளில் மேலேயுள்ள ஓரிரு மீற்றர் தண்ணீர் சூடேறி, இலேசாகி, கீழ்நீரோடு கலக்காமல் தனிப் படையாக நிற்கும். அதற்குள் அகப்பட்ட கலம் காலை பத்து மணி முதல் பின்னேரம் இரண்டு மணிவரை அங்கேயே வேகும். வாடையோ சோளகமோ அடித்துக் கலக்கினால் அதே கலம் கொஞ்ச நேரம் மேலே, கொஞ்ச நேரம் இருட்டில். இருட்டில் இறங்கும்போது மேலே வாங்கிய அடியைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஆனால் எல்லா வேளையும் அப்படி நன்மையாக முடியாது. மிக வேகமாகக் கலக்கும்போது, ஆழத்து இருட்டுக்குப் பழகிய கலங்களும் முறைவைத்து மேலே வந்து அடிவாங்கும். சோளக காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே ஆழ்நீர் குமிழ்போல் மேலெழுவது உண்டு, ஆய்வாளர் அதை ‘இலங்கைக் குவிமாடம்’ என்பார்கள். அது மேலே கொண்டுவருவது உரச்சத்தை மட்டுமல்ல, வெயிலுக்குப் பழகாத கலங்களையும்தான்.

கேள்வி: ஓசோன் ஓட்டை எங்கள் தலைக்கு மேலும் வருமா?
– நிலாவெளி வாசகர்

வராது. ஓசோன் ஓட்டை அந்தாட்டிக்காவில் தென் வசந்த காலத்தில், கடுங்குளிர் முகில்களின் மேற்பரப்பில் நடக்கும் தாக்கங்களால் உண்டாவது. 1985இல் அறிவிக்கப்பட்டது. ஓசோன் படையின் தடிப்பை அளக்கும் டொப்சன் அலகில் 220க்குக் குறைந்தால் ஓட்டை என்று கணக்கு. நம் அகலக்கோட்டில் ஓசோன் 260 டொப்சன் அளவில் நிற்கும், அதாவது முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் 2.6 மில்லிமீற்றர்த் தகடு. மிதவெப்ப நாடுகளில் 300, 350 என்று இருக்கும். நமக்கு இயல்பாகவே குறைவு, ஆனால் பல பத்தாண்டுகளாகப் பெரிய மாற்றமும் இல்லை.

அப்படியானால் நமக்கு ஏன் இவ்வளவு புறவூதா? சூரியன் தலைக்கு நேரே நிற்பதால். திருகோணமலை இருப்பது வட அகலக்கோடு எட்டரைப் பாகையில். ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 30, 31 அளவிலும் நண்பகலில் கோணேசர் மலையில் ஒரு தடியை நேரே நட்டால் நிழல் காலடியிலேயே ஒடுங்கும். கதிர் ஓசோன் தகட்டைச் சரிவாகக் கடக்காமல் நேரே கடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புறவூதாச் சுட்டெண்ணில் 11உம் அதற்கு மேலும் ‘அதிதீவிரம்’. அந்த நாட்களில் நமக்கு அது சாதாரணம்.

ஓட்டையால் கடலுக்கு என்ன நடந்தது என்று அளந்தும் பார்த்தார்கள். 1990இல் பெல்லிங்ஸ்ஹோசன் கடலின் பனி விளிம்பில் செய்த அளவீட்டில், ஓட்டைக்குக் கீழே தாவரப் பிளாந்தன் உற்பத்தி 6 முதல் 12 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே நமக்கு வெயில் அதைவிட எவ்வளவோ கூட. ஆனாலும் நம் கடலின் கலங்கள் தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்பவை. அத்துடன் 28, 29 பாகை நீரில் நொதியங்கள் துரிதமாக ஓடுவதால் திருத்த வேலையும் துரிதம். அந்தாட்டிக்கில் பூச்சியப் பாகையை ஒட்டிய நீரில் திருத்தம் மெதுவாகவே நடக்கும். மொன்றியல் உடன்படிக்கை 1987இல் வந்தது, இலங்கை 1989இல் சேர்ந்தது. அந்தாட்டிக்காவின் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 அளவாகும் என்பது 2022ஆம் ஆண்டின் மதிப்பீடு.

கேள்வி: பாடசாலைச் செயற்திட்டத்துக்காக மாணவர் கடல்நீரை பி.ஓ.டி. போத்தல்களில் (ஒட்சிசன் அளக்கும் கண்ணாடிப் போத்தல்) நிரப்பி, பாதியைப் புறவூதா தடுக்கும் ஒட்டுத்தாளால் சுற்றி, பாதியை வெறுமையாக விட்டு, அரை மீற்றர் ஆழத்தில் நான்கு மணித்தியாலம் தொங்கவிட்டார்கள். வின்க்ளர் முறையில் ஒட்சிசன் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. புறவூதாவால் விளைவே இல்லை என்று முடிவெழுதலாமா?
– விஞ்ஞான ஆசிரியை, திருகோணமலை நகரம்

எழுதாதீர்கள். இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டும் இந்தத் துறையில் பெரியவர்களும் விட்ட பிழைகள்தான்.

முதற் பிழை போத்தல். தடித்த கண்ணாடி புறவூதா-பியின் பெரும்பகுதியையும் ஏ-யின் ஒரு பகுதியையும் தானே தடுத்துவிடும். ‘வெறும்’ போத்தலுக்குள்ளும் போனது கழிவு போக மிஞ்சிய ஒளிதான். நீங்கள் ஒப்பிட்டது குடை பிடித்தவரையும் தொப்பி போட்டவரையும். 1952இல் கதிர்க்காபன் முறை வந்த பிறகு பல பத்தாண்டுகள் உலகக் கடல்களில் ஒளித்தொகுப்பைக் கண்ணாடியிலும் பின்னர் பொலிகாபனேற்றுப் போத்தலிலும் அளந்தார்கள். அந்த எண்களில் மேல்மட்டத்துப் புறவூதாப் பாதிப்பு சரியாகப் பதியவேயில்லை. முறையான பாத்திரம் உருக்கிய குவாட்சுக் குழாய். விலை பாடசாலைக்கு ஒத்துவராது.

இரண்டாம் பிழை நீரிலேயே இருக்கிறது. கணக்குப் போடுங்கள். தெளிந்த கரையோர நீரில் பச்சையம் ஒரு கனமீற்றருக்கு அரை மில்லிகிராம் என்று வைப்போம். ஒரு மில்லிகிராம் பச்சையம் நல்ல ஒளியில் மணிக்கு 5 மில்லிகிராம் காபனைப் பிடிக்கும் என்றும் வைப்போம். லீற்றருக்கு மணிக்கு வெளிவரும் ஒட்சிசன் 0.008 மில்லிகிராம் அளவுதான். நான்கு மணித்தியாலத்துக்கு 0.03. பாடசாலை அளவியில் வின்க்ளர் வழு இலகுவாக 0.1 மில்லிகிராம் வரும். ஒளித்தொகுப்பு முழுவதுமே அந்த வழுவுக்குள் மறைந்துவிட்டது. அதில் ஒரு பங்கு குறைந்ததை எப்படிக் காண்பது? பச்சையம் கனமீற்றருக்கு 10 மில்லிகிராம் உள்ள நீராக இருந்தால் நான்கு மணித்தியாலத்துக்கு 0.6 மில்லிகிராம் மேல் ஏறும், அதில் வித்தியாசம் பார்க்கலாம். 20 மைக்ரோமீற்றர்ப் பிளாந்தன் வலையால் இழுத்துச் செறிவாக்கலாமே என்று தோன்றும். வலையில் நிற்பது பெரிய தயற்றங்கள். எளிதில் அடிபடும் சிறியவை கண்ணியால் போய்விடும், விளைவு குறைவாகத் தெரியும். கரையோரத்தில் பச்சை பூத்த நீரோ, இளந் தயற்ற வளர்ப்பை ஐதாக்கியதோ மேல்.

மறுபடி செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். நீரை விடியுமுன் எடுங்கள், மத்தியான நீரில் உள்ள கலங்கள் ஏற்கெனவே அடிவாங்கியவை. 200 மைக்ரோமீற்றர் வலைத்துணியால் வடித்து மேயும் பிராணிகளை நீக்குங்கள். பெரிய கோபெப்பொட் (மிதக்கும் சிறு ஓட்டுடலி) ஒன்று போத்தலுக்குள் இருந்தாலும் கணக்கைக் குழப்பும். இருட்டில், கடலின் சூட்டிலேயே வைத்திருங்கள். பனிக்கட்டி வேண்டாம்.

பாத்திரமாக மெல்லிய, நிறமற்ற, புறவூதா நிலைப்படுத்தி சேர்க்காத பொலித்தீன் பை. உணவு பொதியும் சாதாரண வகை போதும். நாற்றுமேடைக்கு விற்கும் பொலித்தீன் கூடவே கூடாது, அதில் புறவூதாவை எதிர்க்கும் மருந்து கலந்திருக்கும். மூன்று வகை செய்யுங்கள். முதலாவதில் பைக்கு மேல் அதே பொலித்தீனால் இன்னொரு தாள்: எல்லாக் கதிரும் போகும். இரண்டாவதில் பைக்கு மேல் நிறமற்ற பொலியெஸ்டர்த் தாள்: ஏறக்குறைய 315, 320க்குக் கீழே வெட்டும், ஏ மட்டும் போகும். மூன்றாவதில் நிறமற்ற பொலிகாபனேற்றுக் கூரைத் தகட்டுத் துண்டு: 380 அளவுவரை வெட்டும், கட்புல ஒளிதான் மிஞ்சும். முதலாவதுக்கு ஏன் ஒரு வீண் தாள் என்று மாணவர் கேட்பார்கள். எந்தத் தாளும் ஏறக்குறைய 8 சதவீத ஒளியைத் தெறிக்கவிடும். மூன்றுக்கும் கட்புல ஒளி ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும், இல்லையேல் புறவூதாவை அளக்கிறோமா வெளிச்சத்தை அளக்கிறோமா என்று தெரியாது.

பொலியெஸ்டருக்குப் பழைய மேந்தலை எறிகருவித் தாள் உதவும், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சில வகைத் தாள்கள் செலுலோசு அசற்றேற்று. பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் அது 290 வரை கதிரை விட்டுவிடும். இந்த ஒரு மாறாட்டத்தால் முழுச் செயற்திட்டமும் தலைகீழாகும்.

பைகளைத் தட்டில் ஓடும் கடல்நீரில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடத்துங்கள். நீர் நின்றால் அரை மணியில் பை சூடாகிவிடும், 31 பாகையைத் தாண்டினால் வெப்பத்தின் விளைவும் கலந்துவிடும். தட்டின் அடிக்குக் கறுப்பு வலை விரித்தால் வெள்ளைத் தட்டின் தெறிப்பு இராது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று பை, பத்தரை முதல் பன்னிரண்டரை வரை.

இப்போது ஒரு முக்கியமான பொறி. பொலித்தீன் வழியே ஒட்சிசன் கசியும். பைக்குள்ளேயே ஒட்சிசனை அளந்தால் எண் பொய்யாகும். ஆகவே வெயில் காட்டுவது பையில், அளப்பது போத்தலில். வெயில் முடிந்ததும் குமிழி வராமல் மெல்லிய குழாயால் 125 மில்லிலீற்றர் பி.ஓ.டி. போத்தலின் அடியிலிருந்து நிரப்புங்கள். ஒவ்வொரு பைக்கும் ஒரு ஆரம்பப் போத்தல், ஒரு வெளிச்சப் போத்தல், ஒரு கறுப்புத்தாள் சுற்றிய இருட்டுப் போத்தல். ஆரம்பப் போத்தலை உடனே நிலைப்படுத்துங்கள். மற்ற இரண்டையும் மரநிழல் அளவு வெளிச்சத்தில் இரண்டு மணித்தியாலம் வைத்துப் பின்னர் நிலைப்படுத்துங்கள். அதற்குமேல் நீட்டினால் கலங்கள் பழுதைத் திருத்திக்கொண்டுவிடும், வித்தியாசம் கரைந்து போகும். வின்க்ளரில் மங்கனீசுச் சல்பேற்றும் கார அயடைட்டும் ஒவ்வொரு மில்லிலீற்றர், குழாயி நுனி நீருக்குள் இருக்க வேண்டும். மூடிப் பலமுறை கவிழ்த்து, வண்டல் பாதிக்கு இறங்கியதும் இன்னொரு முறை கவிழ்த்து, மீண்டும் இறங்கிய பின் செறிந்த சல்பூரிக்கமிலம் ஒரு மில்லிலீற்றர். 0.01 நேர்த்திறன் தயோசல்பேற்றால் நியமிப்பு. மாப்பொருட் கரைசலை மஞ்சள் வெளிறிய பின்தான் விடுங்கள், முந்தி விட்டால் நீலம் விடாப்பிடியாக நிற்கும். வெளிச்சப் போத்தலில் இருந்து இருட்டுப் போத்தலைக் கழித்தால் மொத்த ஒளித்தொகுப்பு. மூன்றாம் வகையை 100 என்று வைத்து மற்ற இரண்டையும் சதவீதத்தில் எழுதுங்கள்.

பல்கலைக்கழகம் ஒன்றின் உதவி கிடைத்தால் இந்த இரசாயனம் எல்லாம் வேண்டாம். குளோரோபில் ஒளிர்வை அளக்கும் கருவியில் 15 நிமிடம் இருட்டில் வைத்த மாதிரியைப் பார்த்தால், நல்ல ஆரோக்கியத்தில் உள்ள தயற்றம் ஒளித்தொகுதி இரண்டின் வினைத்திறனை 0.65 அளவு காட்டும், அடிபட்டது 0.3, 0.2 என்று இறங்கும். வெயிலுக்குள் வைத்த ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு துளி எடுத்து அளந்தால் இறங்கும் கோடு சமப்பட்டு நிற்பது தெரியும். திருத்தமும் சேதமும் சமன்பட்ட இடம் அது.

அறிக்கையில் ஒன்றை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்: பைகள் மேல்மட்டத்தில் அசையாமல் கிடந்தன. கடலில் கலங்கள் அப்படிக் கிடப்பதில்லை. பைகளில் வரும் குறைவை அப்படியே முழுக் கடலுக்கும் பெருக்கக்கூடாது. ஆழத்துப் படைகளையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தக் குறைவு மேல்மட்டத்து எண்ணைவிட எவ்வளவோ சிறிதாகும்.

கேள்வி: குடிநீர் வடிகட்டியில் உள்ள புறவூதா மின்குமிழைச் சோதனைக்குப் பாவிக்கலாமா?
– மாணவர், தம்பலகாமம்

வேண்டாம். அது 254 நானோமீற்றர், புறவூதா-சி. கடலுக்கு வராத கதிரால் கலத்தைக் கொன்றுவிட்டு வெயிலைப் பற்றி எழுத முடியாது. கண்ணில் பட்டால் சில மணித்தியாலத்தில் மண் விழுந்ததுபோல் கண் கரகரத்து வலிக்கும். ஊர்வன வளர்ப்போர் பாவிக்கும் புறவூதா-பி குமிழ் ஓரளவு சரி, ஆனால் அதன் குறுகிய அலைநீளங்களைச் செலுலோசு அசற்றேற்றுத் தாளால் வெட்ட வேண்டும். தாள் வெயில்பட்ட பிளாஸ்ரிக் போல முதுமையடையும், அடிக்கடி மாற்ற வேண்டும். நல்ல வெள்ளை வெளிச்சமும் கூடவே இல்லாவிட்டால் போட்டோலையேஸ் வேலைசெய்யாது, சேதம் மிகையாகத் தெரியும். ஊரில் இவ்வளவு வெயில் இருக்கக் குமிழுக்கு ஏன் செலவு?

கேள்வி: புறாமலைக்கு வரும் உல்லாசப் பயணிகள் பூசும் வெயில் களிம்பு கடலுக்குக் கேடா? புல்மோட்டை மணலில் உள்ள தைத்தானியமும் அதே பொருள்தானே?
– வாசகி, இறக்கக்கண்டி

களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் பவளக் குடம்பிகளைப் பாதிப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியதால் பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் தடைசெய்தன. வேறு சில களிம்புகளில் உள்ள நுண்ணிய தைத்தானியமீரொட்சைட்டுத் துகள் வேறு விதமாக வேலைசெய்யும்: புறவூதா பட்டதும் நீரில் ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவற்றைப் பிறப்பித்து அருகில் உள்ள பிளாந்தனைத் தாக்கும். வெயில் இல்லாத இடத்தில் அதே துகள் பெரும்பாலும் சாது. புல்மோட்டைக் கருமணல் பெரும்பாலும் இல்மனைற்று, இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனியம். பருத்த, பாரமான மணி, நீரில் மிதக்காது. அதிலிருந்து பிரித்தெடுத்து அரைத்த வெள்ளைத் தூளோடு அதை ஒன்றாக்கக்கூடாது. புறாமலைக்குப் போவோர் நீண்டகைச் சட்டை போட்டு நீந்தினால் களிம்பு அரைவாசிக்கு மேல் மிச்சம்.

கேள்வி: இறால் குஞ்சுத் தீனிக்காக உள்ளே வளர்க்கும் கீற்றோசெரஸ் என்ற நுண்பாசி வளர்ப்பை வெளித் தொட்டிக்கு மாற்றினால் இரண்டாம் நாளே வெளிறி அடியில் படிகிறது. புறவூதாவா, சூடா, வேறேதுமா?
– குஞ்சு பொரிப்பகப் பணியாளர், குச்சவெளி

மூன்றும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரே வளர்ப்பை மூன்று வாளிகளில் பிரித்து ஒரே ஓடும் நீர்த்தொட்டிக்குள் வையுங்கள், சூடு சமமாகும். முதலாவதுக்கு மேல் எதுவும் வேண்டாம். இரண்டாவதுக்கு மேல் நிறமற்ற பொலிகாபனேற்றுத் தகடு. மூன்றாவதுக்கு மேல் பாதி வெளிச்சத்துக்கும் குறைவாக விடும் கறுப்பு நிழல்வலை. இரண்டாவது பிழைத்தால் புறவூதா. இரண்டாவதும் செத்து மூன்றாவது மட்டும் பிழைத்தால் கட்புல ஒளியே அதிகம். மூன்றும் செத்தால் சூடு, உரக்குறைவு, தொற்று என்ற பக்கம் தேடுங்கள்.

உள்ளே குழல்விளக்கின் கீழ் ஒரு சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 80 மைக்ரோமோல் அளவில் வளர்ந்த கலத்துக்கு வெளியே நண்பகலில் 2000 மைக்ரோமோல் விழுகிறது. இருபத்தைந்து மடங்கு, அதற்கு மேல் அது பிறந்தநாள் முதல் காணாத புறவூதாவும். மாற்றும் நேரம் பின்னேரம் ஐந்து மணியாக இருக்கட்டும், காலை பத்தல்ல. முதல் நாள் இரண்டு மடிப்பு வலை, அடுத்த இரண்டு நாள் ஒரு மடிப்பு, பிறகு நடுப்பகலில் மட்டும் வலை. பாதுகாப்புச் சாயமும் திருத்தும் நொதியமும் செய்துகொள்ள அந்த நாட்கள் போதும். ஆனால் இரண்டுக்கும் நைதரசன் வேண்டும். நைத்திரேற்றுத் தீர்ந்த முதிர்ந்த வளர்ப்பை வெளியே போட்டால் எவ்வளவு வலை கட்டினாலும் நிற்காது. இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் மூன்றாம் நாள் வளர்ப்பை மாற்றுங்கள், மாற்றும்போதே புது ஊடகமும் சேருங்கள். கீற்றோசெரஸ் தயற்றம் என்பதால் சிலிக்கேற்றையும் மறக்காமல் சேருங்கள்.

ஐதாகப் போடுவதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். செறிவான வளர்ப்பில் மேலே உள்ள கலம் கீழே உள்ளதற்கு நிழல் தரும். ஐதான தொட்டியில் எல்லாக் கலமும் வெயிலில் நிற்கும். தொட்டியை முதல் நாளே முழுக்க நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு நீரில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள், காற்றூட்டியை நிறுத்தாமல்.